பெட்ரோல் வண்டி போய் எலக்ட்ரிக் வண்டி வந்துடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருஷமா எலக்ட்ரிக் கார் ஓட்டுறேன், அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் டீசல். எங்க வண்டிய நிறுத்தினாலும் யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னு கேக்க ஆரம்பிச்சுடுறாங்க, சொந்தக்காரங்க கூடுற இடத்துலயும் இதே பேச்சுதான். கேள்விங்க பெரும்பாலும் ஒண்ணேதான், ஆனா ஒவ்வொரு தடவையும் அவசரத்துல பாதி பதில் சொல்லிட்டு வந்துடுறேன், அது எனக்கே உறுத்துது. அதனால கேட்டவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதி வெச்சு, நிதானமா பதில் சொல்லியிருக்கேன்.

சுருக்கமா சொல்லுங்கண்ணா, பெட்ரோல் வண்டி ஒழிஞ்சிடுமா ஒழியாதா?

இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா கலந்து கெடக்கு, அதைப் பிரிச்சாத்தான் பதில் வரும். புதுசா விக்கிற வண்டில எத்தனை எலக்ட்ரிக்ங்கிறது ஒண்ணு, ரோட்டுல ஓடிட்டு இருக்குற வண்டில எத்தனை எலக்ட்ரிக்ங்கிறது இன்னொண்ணு. சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2020ல உலகம் முழுக்க வித்த புது கார்ல 25ல ஒண்ணுதான் எலக்ட்ரிக், 2024ல அது 5ல ஒண்ணுக்கு மேல போயிடுச்சு, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல வித்துருக்கு. ஆனா அதே 2024 முடிவுல ரோட்டுல ஓடுற மொத்த காரையும் எண்ணிப் பார்த்தா எலக்ட்ரிக் 100க்கு 4தான்.

காரணம் எளிது, ஒரு கார் வாங்கினா பத்து பதினஞ்சு வருஷம் ஓடும். அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் இப்ப ரோட்டுல இருக்குற காரோட சராசரி வயசே 12 வருஷத்துக்கு மேல. இன்னைக்கு ஷோரூம்ல பெட்ரோல் வண்டி விக்கிறதையே நிறுத்தினாலும் அது தெருவுல இருந்து மறைய இருபது வருஷம் ஆகும். என் கணிப்ப கேட்டீங்கன்னா, புது கார் விற்பனைல எலக்ட்ரிக் ஜெயிச்சுடும், பெட்ரோல் கார் ரொம்ப நாளைக்கு கூடவே ஓடிட்டு இருக்கும், லாரி கதை தனி, அதுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

ஹைப்ரிட்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதுவும் எலக்ட்ரிக் கணக்குதானா?

சாதா ஹைப்ரிட் பெட்ரோல் வண்டிதான். அதுல ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பிரேக் போடும்போது வீணாப் போற சக்திய புடிச்சு வெச்சு மறுபடி குடுக்கும், ஆனா ஓடுறதுக்கு எல்லாமே பெட்ரோல்ல இருந்துதான் வருது, பிளக் போடவே முடியாது. பிளக்-இன் ஹைப்ரிட்ல பேட்டரி கொஞ்சம் பெருசு, சார்ஜ் போட்டுக்கலாம், தீர்ந்தா இன்ஜின் எடுத்துக்கும். முழு எலக்ட்ரிக்ல இன்ஜினே கெடையாது, டேங்க் கெடையாது, சைலன்சர் கெடையாது.

மேல சொன்ன 5ல ஒண்ணு கணக்குல பிளக்-இன் ஹைப்ரிடும் சேத்திதான், சாதா ஹைப்ரிட் சேராது. இந்த பிளக்-இன்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், வண்டிக்குள்ள இருக்குற மீட்டர்ல பதிவான உண்மையான எரிபொருள் கணக்க ஐரோப்பிய ஆணையம் 2024ல வெளியிட்டுச்சு, டெஸ்ட்ல காட்டினத விட ரோட்டுல சராசரியா மூணரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு வந்திருக்கு. நெறைய பேர் அதுக்கு சார்ஜே போடாம பெட்ரோல்லயே ஓட்டுறாங்க, அதான் விஷயம். தெனமும் பிளக் போடுற பழக்கம் இருக்குறவங்களுக்கு நல்ல வண்டி, இல்லாதவங்களுக்கு வெயிட்டு கூடின பெட்ரோல் வண்டி.

இதெல்லாம் புது ஃபேஷன்ப்பா, நாலு வருஷத்துல அடங்கிடும், பாரு

ஃபேஷன்னு சொல்றவங்க பெரும்பாலும் பெரியவங்க, அவங்க கிட்ட நான் மொதல்ல சொல்றது இது பெட்ரோல் கார் அளவுக்கே பழசுங்கிறதத்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்த மொதல்ல தாண்டின கார் எலக்ட்ரிக் கார்தான், 1899ல பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்சி ஓட்டினது. 1900 வாக்குல அமெரிக்காவுல ஓடின மோட்டார் வண்டில கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு எலக்ட்ரிக்.

அப்புறம் ஏன் தோத்துச்சு? 1908ல ஃபோர்டு மாடல் டி வந்து பெட்ரோல் கார் மலிவாச்சு. 1912ல காடிலாக் கார்ல எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்துச்சு, அதுக்கு முன்னாடியெல்லாம் வண்டிக்கு எதிர்ல நின்னு கம்பிய போட்டு கையால சுத்தித்தான் இன்ஜின ஸ்டார்ட் பண்ணணும், கை உடைஞ்சவங்க உண்டு. அந்த தொல்லையும் போச்சு, எண்ணெயும் நெறைய கெடைச்சுது, கனமான லெட் ஆசிட் பேட்டரியால அதுகூட போட்டி போட முடியல. அன்னைக்கு தோத்தது பேட்டரிதான், மோட்டார் இல்ல. லித்தியம் அயன் பேட்டரி 1991ல சோனி மூலமா கடைக்கு வந்துச்சு, அத உருவாக்கினதுக்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல வேதியியல் நோபல் குடுத்தாங்க. 2010ல இருந்து 2024க்குள்ள கார் பேட்டரி விலை ஏறக்குறைய 90 சதவீதம் எறங்கியிருக்கு. தோத்ததுக்கு இருந்த காரணமே மாறிப்போச்சு, அதனாலதான் இந்த தடவை அடங்கும்னு எனக்கு தோணல.

பெட்ரோலும் எனர்ஜி, கரண்டும் எனர்ஜி, அப்புறம் எப்படி கரண்ட் மட்டும் சிக்கனம்னு சொல்றீங்க?

ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட் சக்தி இருக்கு, யூனிட்னா கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்குற கார் 100 கிலோமீட்டர் போக ஆறே முக்கால் லிட்டர் கிட்ட குடிக்கும், அதாவது 60 யூனிட். அதே சைஸ் எலக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட்டுல போயிடும். நாலுல ஒரு பங்கு.

மிச்சம் எங்க போகுதுன்னா சூடா போகுது. பெட்ரோல் வண்டில ஊத்துற சக்தில நாலுல ஒண்ணு வாக்குலதான் சக்கரத்துக்கு போய்ச் சேருது, மத்ததெல்லாம் ரேடியேட்டர்லயும் சைலன்சர்லயும் வெளிய போயிடும், ஓடிட்டு வந்து நிறுத்தின வண்டி பானட்ல கை வெச்சுப் பாருங்க தெரியும். எலக்ட்ரிக் மோட்டார் வாங்குற சக்தில பெரும்பகுதிய சுத்துறதுக்கே குடுத்துடும், பிரேக் போடும்போதும் எறக்கத்துல எறங்கும்போதும் கொஞ்சத்த திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற டிராஃபிக்ல பெட்ரோல் வண்டி மைலேஜ் படுக்கும், எலக்ட்ரிக்குக்கு அதுதான் நல்ல இடம்.

கம்பெனி சொல்ற ரேஞ்ச் வரவே மாட்டேங்குதே, ஏமாத்துறாங்களா?

ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், டெஸ்ட்ல ஓட்டுற வேகமும் சூழ்நிலையும் வேற. வேகம் ஏற ஏற காத்த கிழிச்சுட்டு போறதுக்கு செலவாகுற சக்தி ரொம்ப சீக்கிரம் கூடும், ஹைவேல 120ல போனா 90ல போறத விட ரேஞ்ச் நல்லாவே அடிவாங்கும். பெட்ரோல் வண்டிலயும் இது நடக்குது, ஆனா டேங்க் பெருசு, பங்க் பக்கத்துலயே இருக்கு, அதனால யாரும் கவனிக்கிறதில்ல. கடுங்குளிர் இன்னொரு எதிரி, பேட்டரி கெமிஸ்ட்ரி மந்தமாகும், ஹீட்டருக்கும் அதே பேட்டரில இருந்துதான் கரண்ட், இருபது முப்பது சதவீதம் கொறையுறது சகஜம். வெளிக்காத்துல இருக்குற சூட்ட இழுத்து கம்மி கரண்ட்ல வண்டிய சூடாக்குற ஹீட் பம்ப் இருக்குற வண்டில இந்த நஷ்டம் கம்மி.

போட்டிருக்குற நம்பர்ல முக்கால்வாசிய எடுத்துக்கிட்டு அது உங்களுக்கு போதுமான்னு பாருங்க, போதும்னா கவலை இல்ல.

சார்ஜ் ஏத்த ஒரு மணி நேரம் காத்துக் கெடக்கணுமே, பெட்ரோல்னா அஞ்சு நிமிஷம்

ரோட்டுல போய் காத்திருக்கிறது எப்பவாவது லாங் போகும்போதுதான். மத்த நாள்ல வீட்ல ராத்திரி பிளக்க சொருகிட்டு தூங்கிடுறேன், காலைல ரெடியா இருக்கும், எனக்கு அதுக்கு ஆகுற நேரம் பத்து செகண்டு. மொபைலுக்கு சார்ஜ் போடுற மாதிரி பழகிடுச்சு.

லாங் டிரிப்ல ஃபாஸ்ட் சார்ஜர் வேணும். 50 கிலோவாட்ல இருந்து 350 கிலோவாட் வரைக்கும் இருக்கு, கிலோவாட்னா மணிக்கு எத்தனை யூனிட் ஏத்தும்ங்கிற வேகம், நல்ல சார்ஜரும் நல்ல வண்டியும் சேந்தா 10 சதவீதத்துல இருந்து 80 வரைக்கும் அரை மணிக்குள்ள ஏறிடும். 80க்கு மேல மெதுவாத்தான் ஏறும், பேட்டரிய காப்பாத்துறதுக்காக அது தானா கொறைச்சுக்குது, அதனால 100 ஆகட்டும்னு உக்காந்துட்டு இருக்காம 80ல கெளம்பிடுறதுதான் புத்திசாலித்தனம். எனக்கு நேரத்த விட பெரிய பிரச்சனை சார்ஜரோட நம்பகத்தன்மைதான். ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு 9 சதவீதத்துல ஒரு ஸ்டேஷனுக்கு போனா ரெண்டு சார்ஜரும் வேலை செய்யல, பின்சீட்ல புள்ள தூங்கிட்டு இருக்கு, அடுத்த சார்ஜருக்கு 30 கிலோமீட்டர், ஏசிய நிறுத்திட்டு 50ல உருட்டிட்டு போனேன். அன்னைக்கு பட்ட பயம் மறக்காது. பெட்ரோல் பங்க்ல இப்படி நடந்தா நாம ஏத்துக்குவோமா? சார்ஜரும் அந்த அளவுக்கு வரணும், எண்ணிக்கைய மட்டும் கூட்டி பிரயோஜனம் இல்ல.

அபார்ட்மென்ட்ல இருக்கேன், தெருவுல நிறுத்துறேன், எனக்கு எப்படி சரிப்படும்?

உண்மையச் சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். மேல சொன்ன ராத்திரி பிளக் கதை சொந்தமா பார்க்கிங் இருக்குறவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். வீட்லயோ ஆபீஸ்லயோ ஒரு பிளக் கெடைச்சா போதும், ரெண்டும் இல்லேன்னா ஃபாஸ்ட் சார்ஜர நம்பித்தான் ஓட்டணும், அங்க யூனிட் விலையும் வீட்ட விட அதிகமா இருக்கும், மிச்சமாகும்னு நெனச்ச காசு அங்கயே போயிடும். சில ஊர்ல தெருவிளக்கு கம்பத்துலயே சார்ஜர் வெக்கிறாங்க, லண்டன்ல அப்படி நெறைய இருக்கு. உங்க தெருவுல அப்படி எதுவும் இல்லேன்னா இப்போதைக்கு அவசரப்பட வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

பேட்டரி போச்சுன்னா வண்டி விலைல பாதி போச்சே?

மொபைல் பேட்டரி ரெண்டு வருஷத்துல படுத்துடுறத பார்த்து வர்ற பயம் இது. கார் பேட்டரிக்கு சூடு ஏறாம பாத்துக்க தனியா கூலிங் இருக்கு, முழுசா காலியாகவும் விடாது, முழுசா நெறையவும் விடாது, மேலயும் கீழயும் கொஞ்சம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க. ஜியோடாப்னு வண்டிகளோட டேட்டாவ கண்காணிக்கிற நிறுவனம் ஆயிரக்கணக்கான கார்கள பார்த்து 2024ல சொன்ன சராசரி, வருஷத்துக்கு 1.8 சதவீதம் தேயுதுன்னு. அந்த கணக்குல பத்து வருஷத்துக்கு அப்புறமும் 80 சதவீதத்துக்கு மேல இருக்கும். பெரும்பாலான கம்பெனி 8 வருஷம் இல்லேன்னா 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்குது, அதுக்குள்ள 70 சதவீதத்துக்கு கீழ போனா அவங்க பொறுப்பு.

வாரண்டி முடிஞ்சப்புறம் போனா செலவு பெருசுதான், மறைக்கல. ஆனா பழுதாகுறது அநேகமா பேட்டரிக்குள்ள இருக்குற ஒண்ணு ரெண்டு மாட்யூல்தான், அதாவது தனித்தனியா கழட்டக்கூடிய பகுதி, அத மட்டும் மாத்தத் தெரிஞ்ச பட்டறைங்க கூடிட்டு வருது. பழைய எலக்ட்ரிக் கார் வாங்குறவங்க ஓடின கிலோமீட்டர மட்டும் பார்க்காம பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க, அது இல்லாம பேரமே பேசாதீங்க.

தீப்பிடிச்சு எரியுதுன்னு வீடியோ வருதே, புள்ளைங்கள ஏத்திட்டுப் போக பயமா இருக்கு தம்பி

பயம் நியாயமானதுதான்க்கா. ஆனா பெட்ரோல் வண்டி எரிஞ்சா அது செய்தி ஆகுறதில்ல. சுவீடன் அரசு எடுத்த கணக்குல, வண்டி எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பார்த்தா பெட்ரோல் டீசல் கார்தான் எலக்ட்ரிக்க விட பல மடங்கு அதிகமா எரியுது. எலக்ட்ரிக் வண்டி பெரும்பாலும் புதுசுங்கிறதும் அதுக்கு ஒரு காரணம், அதையும் சேத்துத்தான் பார்க்கணும்.

எரிஞ்சா அணைக்கிறது கஷ்டம், இதுல சந்தேகமே இல்ல. பேட்டரிக்குள்ள நெறைய சின்னச் சின்ன செல் இருக்கு, அதுல ஒரு செல் சூடாகி பக்கத்து செல்ல சூடாக்கி அப்படியே சங்கிலி மாதிரி போகும், தண்ணி ரொம்ப வேணும், அணைஞ்ச மாதிரி இருந்து மறுபடி பத்திக்கவும் செய்யும். எல்எஃப்பின்னு சொல்ற இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்த விஷயத்துல கொஞ்சம் நிதானமானது, அவ்ளோ சீக்கிரம் பத்திக்காது. அடில பலமா அடிபட்ட வண்டிய, வெள்ளத்துல மூழ்கின வண்டிய செக் பண்ணாம சார்ஜ் போடாதீங்க, இத மட்டும் விடாம கடைப்பிடிங்க.

கரண்டே நிலக்கரி எரிச்சுத்தானே வருது, புகை இங்க வராம அங்க வருது, அவ்ளோதானே?

இத கேக்குறவங்கள எனக்குப் புடிக்கும், யோசிச்சு கேக்குறாங்க. கணக்கு போட்டே பார்ப்போம். முழுக்க நிலக்கரில எடுத்த கரண்ட்னா யூனிட்டுக்கு சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முன்னாடி சொன்ன 16 யூனிட்டோட சார்ஜ் போடும்போது வீணாகுறதையும் சேத்தா 100 கிலோமீட்டருக்கு 18 கிலோ கிட்ட. பெட்ரோல் லிட்டருக்கு எரியும்போது 2.3 கிலோ, ஆறே முக்கால் லிட்டருக்கு 15 கிலோவுக்கு மேல, எண்ணெய எடுத்து சுத்திகரிச்சு கொண்டு வர்ற செலவும் சேந்தா அதுவும் 18 கிட்ட வந்துடும். ஆக, நூத்துக்கு நூறு நிலக்கரின்னா ரெண்டும் ஒண்ணுதான், பேட்டரி செய்யுறதுக்கு ஆகுற புகையும் சேந்தா எலக்ட்ரிக் கொஞ்சம் மோசம்னுகூட சொல்லலாம்.

ஆனா உலகத்துல எடுக்குற மொத்த கரண்ட்ல நிலக்கரி பங்கு மூணுல ஒண்ணு வாக்குலதான். ஐசிசிடிங்கிற சர்வதேச சுத்தப் போக்குவரத்து கவுன்சில் 2021ல, வண்டி செய்யுறதுல இருந்து ஆயுசு முடியுற வரைக்கும் கணக்கு பார்த்துச்சு. எலக்ட்ரிக் கார் விடுற புகை ஐரோப்பாவுல 66ல இருந்து 69 சதவீதம் கம்மி, சீனாவுல 37ல இருந்து 45, இந்தியாவுல 19ல இருந்து 34. நிலக்கரி நெறைய எரிக்கிற எடத்துல லாபம் கம்மி, ஆனாலும் லாபம்தான். இன்னொரு விஷயம், பெட்ரோல் கார் வாங்கின அன்னைக்கு எவ்ளோ புகை விட்டுச்சோ கடைசி வரைக்கும் அவ்ளோதான், வயசாக ஆக கூடத்தான் செய்யும். எலக்ட்ரிக் கார் சோலாரும் காத்தாலையும் கூட கூட தானா சுத்தமாகிட்டே வரும்.

அந்த "அங்க" "இங்க"வும் சின்ன விஷயம் இல்ல. ஸ்கூல் வாசல்ல இன்ஜின் ஓட நிக்கிற வண்டியோட புகை நேரா புள்ளைங்க மூக்குக்குப் போகுது. என் பொண்ணுக்கு வீசிங் இருக்கு, நான் டீசல விட்டதுக்கு மொத காரணமே அதுதான். டயர் தேய்ஞ்சு வர்ற தூசி எலக்ட்ரிக்லயும் உண்டு, வெயிட்டு அதிகங்கிறதால கொஞ்சம் கூடவே வரும், ஆனா பிரேக் தூசி நல்லா கொறையும்.

லித்தியம், கோபால்ட் தோண்டுற எடத்துல சின்னப் பசங்கள வேலை வாங்குறாங்கன்னு படிச்சேன், அது பாவம் இல்லயா?

பாவம்தான், அத நியாயப்படுத்த எனக்கு மனசு வராது. உலகத்துக்கு வேண்டிய கோபால்ட்ல பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசுல இருந்து வருது, அங்க கையால தோண்டுற சின்னச் சின்ன சுரங்கத்துல சிறுவர்கள் வேலை செஞ்சது ஆவணமாவே இருக்கு. மேல சொன்ன எல்எஃப்பி பேட்டரில கோபால்ட்டும் கெடையாது நிக்கலும் கெடையாது, 2024ல உலகத்துல வித்த கார் பேட்டரில கிட்டத்தட்ட பாதி அந்த வகைதான், அதனால வாங்கும்போது எந்த பேட்டரின்னு கேட்டு வாங்குறது நம்ம கைல இருக்கு.

பெட்ரோல் எரிஞ்சா தீர்ந்து போச்சு, மறுபடி தோண்டணும். பேட்டரில இருக்குற உலோகம் எங்கயும் போகாது, வண்டி ஓடி முடிச்சப்புறம் திரும்ப எடுக்கலாம். 2031க்குள்ள பழைய பேட்டரில இருந்து லித்தியம் 80 சதவீதம், கோபால்ட் நிக்கல் 95 சதவீதம் மீட்கணும்னு ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கு.

எல்லாரும் சாயங்காலம் ஒரே நேரத்துல சார்ஜ் போட்டா கரண்ட் தாங்குமா?

ஒரு கார் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வெச்சா 2,000 யூனிட்டுக்குள்ள, ஒரு நாளைக்கு அஞ்சாறு யூனிட். ஒரு ஏசி சில மணி நேரம் ஓடுற செலவுதான். மொத்த யூனிட்டு பிரச்சனை இல்ல, ஒரே நேரத்துல இழுக்கிறதுதான் பிரச்சனை, குறிப்பா தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு. ராத்திரி 12க்கு மேல சார்ஜ் ஆகுற மாதிரி டைமர் வெச்சா பெரும்பாலும் தீர்ந்துடும், கார் எப்படியும் ராத்திரி முழுக்க சும்மாதானே நிக்குது. அந்த நேரத்துக்கு யூனிட் விலைய கொறைச்சா ஜனங்க தானா மாறிடுவாங்க, இதுக்கு பெரிய விஞ்ஞானம் தேவையில்ல. ஹைவேல லாரிங்க ஒண்ணா நின்னு ஏத்துற எடத்துக்கு மட்டும் தனி லைன், தனி சப்ஸ்டேஷன் வேணும், அதுக்கு வருஷக்கணக்கா ஆகுது.

கார் ஓகே சார், 40 டன் லோடு அடிக்கிற லாரிக்கு பேட்டரி வெச்சா லோடு எங்க ஏத்துறது?

இது ஒரு லாரி டிரைவர் கேட்டது, நான் கேட்டதுலயே நல்ல கேள்வி. ஒரு கிலோ டீசல்ல 12 யூனிட் கிட்ட சக்தி இருக்கு, ஒரு கிலோ பேட்டரில 0.2 யூனிட் கூட தேறுறது கஷ்டம். இன்ஜின் வீணாக்குறத கழிச்சாலும் வித்தியாசம் பெருசு. மெர்சிடிஸ் இ-ஆக்ட்ராஸ் 600 லாரிய எடுத்துக்கங்க, 600 யூனிட்டுக்கு மேல பேட்டரி, வண்டியும் லோடும் சேத்து 40 டன்னோட சுமார் 500 கிலோமீட்டர் போகும்னு சொல்றாங்க. அவ்ளோ பெரிய பேட்டரி நாலு டன்னுக்கு மேல வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் எல்லாம் கழட்டினதுல கொஞ்சம் ஈடாகும், மிச்சத்துக்காக ஐரோப்பாவுல புகையில்லாத லாரிக்கு 2 டன் கூடுதல் எடை அனுமதிச்சிருக்காங்க.

நேரக் கணக்க பாருங்க. ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா டிரைவர் 45 நிமிஷம் கட்டாயம் ஓய்வெடுக்கணும்னு சட்டம். மணிக்கு 80ல நாலரை மணி நேரம்னா 360 கிலோமீட்டர், பேட்டரி அதுக்குத் தாங்கும். அந்த 45 நிமிஷத்துல ஏத்துறதுக்குத்தான் மெகாவாட் சார்ஜிங்னு தனி முறை கொண்டு வந்திருக்காங்க, உச்சத்துல 3.75 மெகாவாட், அதாவது 3,750 கிலோவாட், காருக்கு இருக்குற பெரிய சார்ஜர விட பத்து மடங்கு. சீனாவுல பல எடத்துல பேட்டரியவே கழட்டி மாத்துறாங்க, அஞ்சாறு நிமிஷ வேலை. 2024ல உலகத்துல வித்த எலக்ட்ரிக் லாரில 80 சதவீதத்துக்கு மேல சீனாவுலதான்.

அதனால லாரிய ஒரே சாதின்னு பார்க்காதீங்க. ஊருக்குள்ள டெலிவரி பண்றது, குப்பை வண்டி, துறைமுகத்துக்கும் குடோனுக்கும் நடுவுல ஓடுறது, இதெல்லாம் ராத்திரி ஒரே எடத்துக்கு திரும்பி வர்ற வண்டி, இதுங்க மொதல்ல மாறும். பஸ்ஸும் அப்படித்தான், சீனாவுல ஷென்ஜென் நகரம் 2017 முடிவுக்குள்ள தன்னோட 16,000க்கு மேற்பட்ட பஸ்ஸையும் எலக்ட்ரிக்கா மாத்திடுச்சு. லோடு எங்க கெடைக்குதோ அங்க போற நேஷனல் பெர்மிட் மாதிரி வண்டிங்கதான் ரொம்ப லேட்டாகும், கைல ஒரே ஒரு வண்டிய வெச்சுக்கிட்டு டியூ கட்டிட்டு இருக்குற ஓனருக்கு இதுல ரிஸ்க் எடுக்க முடியாது, அவர குறை சொல்லவும் முடியாது.

ஹைட்ரஜன் வரப்போகுது, அதுவரைக்கும் பொறுத்திருக்கலாம்ல ப்ரோ?

காருக்கு வேணாம். கரண்ட வெச்சு தண்ணிய பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து, அத அழுத்தி சிலிண்டர்ல அடைச்சு, வண்டில மறுபடி கரண்டா மாத்தி ஓட்டினா, மொத்தத்துல ஆரம்பிச்ச கரண்ட்ல மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வரும். அதே கரண்ட நேரா பேட்டரில ஏத்தினா ரெண்டு மடங்குக்கு மேல தூரம் போகலாம். டொயோட்டாவோட மிராய்ங்கிற ஹைட்ரஜன் கார் 2014ல இருந்து விக்குது, ஆனா ஹைட்ரஜன் போடுற பங்க்கே அபூர்வம். உரம், எஃகு மாதிரி தொழிலுக்கு ஹைட்ரஜன் ரொம்பத் தேவை, அங்க போகட்டும்.

நார்வே நார்வேங்கிறீங்க, அது பணக்கார நாடு, மத்தவங்களால முடியுமா?

நார்வேல 2024ல வித்த புது கார்ல 100க்கு 89 முழு எலக்ட்ரிக். பணம் மட்டும் காரணம்னா அதே மாதிரி பணக்கார நாடுங்க எல்லாமே அங்க இருந்திருக்கணும், இல்லயே. அவங்க 1990ல இருந்து எலக்ட்ரிக்குக்கு வரிய விட்டுக்குடுத்து, பெட்ரோல் டீசல் வண்டிக்கு வரிய ஏத்தி, முப்பது வருஷம் ஆட்சி மாறினாலும் கொள்கைய மாத்தாம வந்தாங்க. எண்ணெய் ஏற்றுமதி பண்ற நாடே இத செஞ்சிருக்கு. அங்கயும் மொத கேள்வில சொன்ன கதைதான், 2024 செப்டம்பர்லதான் ரோட்டுல இருக்குற எலக்ட்ரிக் கார் எண்ணிக்கை பெட்ரோல் கார தாண்டுச்சு, டீசல் கார் அப்பவும் அதுக்கு மேல இருந்துச்சு.

பணமில்லாத உதாரணமும் இருக்கு. எத்தியோப்பியா 2024ல பெட்ரோல் டீசல் கார் இறக்குமதியவே நிறுத்திடுச்சு. அவங்க கிட்ட எண்ணெய் இல்ல, அத வாங்க டாலரும் இல்ல, ஆனா நீர்மின்சாரம் நெறைய இருக்கு. அவங்களுக்கு இது ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் கணக்கு.

விற்பனை விழுந்துடுச்சு, ஐரோப்பாவே பின்வாங்குதுன்னு நியூஸ்ல வந்துச்சே, நீங்க மட்டும் வரும் வரும்ங்கிறீங்க

அந்த நியூஸ் பொய் இல்ல. ஜெர்மனி 2023 டிசம்பர்ல மானியத்த திடீர்னு நிறுத்துச்சு, 2024ல அங்க எலக்ட்ரிக் கார் விற்பனை 27 சதவீதம் விழுந்துச்சு. அமெரிக்காவுல 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பரோட முடிஞ்சுது. 2035ல இருந்து புகை விடுற புது காரே கூடாதுன்னு போட்ட சட்டத்த தளர்த்தலாம்னு ஐரோப்பிய ஆணையமே 2025 டிசம்பர்ல யோசனை சொல்லியிருக்கு. இதெல்லாம் வேகத்த கொறைக்கும், நெறைய வருஷம் வீணாகும், எனக்கு அதுல வருத்தம்தான்.

ஆனா ஜெர்மனி விழுந்த அதே 2024ல உலக விற்பனை ஏறிச்சு. சீனாவுல வித்த புது கார்ல கிட்டத்தட்ட பாதி பிளக் போடுற வண்டி. அது உலகத்துலயே பெரிய கார் சந்தை, அங்க நிறைய எலக்ட்ரிக் கார் அதே சைஸ் பெட்ரோல் கார விட மலிவாவே கெடைக்குது. மானியத்தால வாங்குற காலம் போய் விலைய பார்த்து வாங்குற காலம் வந்துட்டா சட்டம் முன்னாடி போனாலும் பின்னாடி போனாலும் ஜனங்க போற திசை மாறாது.

எல்லாரும் எலக்ட்ரிக்குக்கு போயிட்டா பெட்ரோல் விலை படுத்துடும், அப்ப பெட்ரோல் வண்டி வெச்சிருக்கிறவன்தானே புத்திசாலி?

கொஞ்ச காலத்துக்கு அப்படி நடக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அளவ பாருங்க, 2024ல எல்லா எலக்ட்ரிக் வண்டியும் சேந்து மிச்சப்படுத்தினது நாளைக்கு 13 லட்சம் பீப்பாய் எண்ணெய், உலகம் குடிக்கிறது நாளைக்கு 10 கோடி பீப்பாய்க்கு மேல. விலைய படுக்க வெக்கிற அளவுக்கு இன்னும் வரல. அதோட பல நாட்டுல பங்க் விலைல பெரும்பகுதி வரிதான், கச்சா எண்ணெய் விழுந்தாலும் அரசாங்கம் வரிய விடாது. எலக்ட்ரிக்காரங்களும் ரோட்டுக்கு காசு கட்ட வேண்டி வரும், ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் 2024ல இருந்தே கிலோமீட்டர் கணக்குல வசூலிக்க ஆரம்பிச்சுடுச்சு, இது நியாயம்னுதான் நான் நெனைக்கிறேன்.

வேற ஒரு விஷயத்தையும் யோசிங்க, வண்டி கொறைய கொறைய பங்க்கும் கொறையும். விக்கிற அளவு பாதியானா ஓரமா இருக்குற பங்க் மூடும், அப்புறம் பெட்ரோல் போட சுத்திட்டுப் போகணும், இன்னைக்கு சார்ஜருக்காக நான் சுத்துற மாதிரி.

மெக்கானிக் வேலை என்னண்ணே ஆகும்? நான் இருபது வருஷமா இன்ஜின் வேலைதான் பாக்குறேன்

ஆயில் சேஞ்ச், கிளட்ச், ஸ்பார்க் பிளக், சைலன்சர், டைமிங் பெல்ட், இந்த வேலையெல்லாம் எலக்ட்ரிக்ல கெடையாது, அத மறைச்சு ஆறுதல் சொல்ல மாட்டேன். டயர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஏசி, பாடி வேலை, இதெல்லாம் இருக்கும், டயர் வேலை கூடும். பழைய வண்டிங்க இருபது வருஷம் ஓடும்னு மேல சொன்னேன்ல, அதுவரைக்கும் இன்ஜின் தெரிஞ்ச கைக்கு வேலை உண்டு. அதுக்குள்ள ஹை வோல்டேஜ் ட்ரெயினிங் எடுத்துக்கங்க, 400 வோல்ட் 800 வோல்ட் பேட்டரில தப்பா கை வெச்சா உயிர் போயிடும், பார்த்து பார்த்து கத்துக்கிற தொழில் இல்ல இது. கம்பெனிங்க டயக்னோஸ்டிக் சாஃப்ட்வேர பூட்டி வெச்சுக்கிட்டு வெளி மெக்கானிக்குக்கு குடுக்காம இருக்குறது எனக்கு சுத்தமா புடிக்கல, அத தொறந்து விடச் சொல்லி சட்டம் வரணும்.

அப்ப கடைசி வரைக்கும் டீசல்லயே ஓடப்போறது எது?

கரண்ட் லைனே போகாத எடத்துல வாரக்கணக்கா ஓடுற வண்டிங்க. காட்டுல மரம் இழுக்குறது, அறுவடை சீசன்ல ராப்பகலா நிக்காம ஓடுற பெரிய மெஷினு, ராணுவ வண்டி, பனிப்பிரதேசத்துல ஆள் மீட்கப் போறது. நாளைக்கு 800 கிலோமீட்டர் ஓடி எங்க நிப்போம்னு தெரியாத லாரியும் ரொம்ப நாள் டீசல்லதான் இருக்கும். இவங்கள யாரும் திட்ட வேணாம், அவங்களுக்கு ஏத்த வண்டி இன்னும் வரல. ஆனா ரெண்டு தெரு தள்ளி ஸ்கூல்ல புள்ளைய எறக்கி விட்டுட்டு ஆபீஸ் போய் சாயங்காலம் வீட்டு ஷெட்ல நிறுத்துற காருக்கு அந்தக் காரணம் எதுவும் இல்ல.